சுரங்கத்துக்குள் மாஸ்டர் இல்லை

மட்டக்களப்பில் நிலக்கரி கிடையாது, ஐயா. நான் முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்தவன், புவியியல் என் பாடமில்லை. ஆனாலும் இவ்வளவு தெரியும். இங்கே தோண்டினால் தண்ணீர் வரும், இன்னும் தோண்டினால் உப்புத்தண்ணீர் வரும். அப்படிப்பட்ட ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் படமாக எடுக்க ஒருவர் துணிந்து வந்தார் என்றால் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அவர் பெயர் றிக்கி. மட்டக்களப்பு நகரத்துப் பறங்கிக் குடும்பம், போர்த்துக்கீசர் வழி வந்தவர்கள். ஐந்து வயதில் அவுஸ்திரேலியா போனவர், ஐம்பது வயதில் இயக்குநராகத் திரும்பி வந்தார். படத்தின் கதை நூறு வருடத்துக்கு முந்தியது. தஞ்சாவூரிலிருந்து ஏதோ ஒரு தீவுக்குக் கப்பலேற்றிய கூலிகள், தங்களையும் மனுசராக நடத்தும்படி கேட்டுச் சுரங்கத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். துரை வந்து வெளியே கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போடுகிறான். அந்த இடத்தை எனக்குச் சொல்லும்போது றிக்கி கண்ணைத் துடைத்தார். இளகிய மனம் அவருக்கு. ஒருவன் பசியோடிருந்தான் என்றால் தாங்கமாட்டார், அவன் நூறு வருடத்துக்கு முன் பசியோடிருந்தால் போதும்.

ஓட்டமாவடிக்குப் பக்கத்தில் கைவிட்ட அரிசி ஆலை ஒன்றை எடுத்தார்கள். நெல் மூட்டை அடுக்கிய நீளக் கட்டடத்துக்குள் பலகையும் தகரமும் அடித்து, கறுப்புப் பூசி, ஒரு சுரங்கம் உண்டாக்கினார்கள். முன்பக்கம் ஒரு பெரிய மரக்கதவு, அதற்கு வெளியே தாழ்ப்பாள். கதவில் ஒரு துவாரம், அதன் வழியாகக் கமெரா. பின்பக்கம் முழுக்கத் தகரம். கரிக்கு எங்கே போவது? நெல்லு ஆலைகள் இருக்கிற ஊரில் உமிக்குப் பஞ்சமா? உமியை எரித்து, இடித்து, துணியில் சலித்து, காற்றாடி வைத்து உள்ளே ஊதினார்கள். பார்க்க அசல் நிலக்கரித் தூசு. உடுப்பில் பட்டால் போகாது. நெஞ்சில் பட்டால் போகுமா என்று, கூலியாக நடிக்க வந்த கனகசிங்கத்தைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை.

என் வேலை உச்சரிப்பு. பெரியகல்லாற்றிலிருந்து நடிக்கவென்று பஸ்ஸில் ஏற்றிவரும் இருபத்திரண்டு பேரைத் தஞ்சாவூர்க்காரராக்க வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு அகதியாகத் திருச்சிப் பக்கம் பதினொரு மாதம் இருந்தேன், அதுதான் என் தகுதி. படத்தின் தொடக்கத்தில் ‘வசன உச்சரிப்பு: பண்டிதர் வினாயகமூர்த்தி’ என்று தனியாக, முழுத்திரைக்கு என் பெயர் வரும் என்று றிக்கி வாக்குக் கொடுத்திருந்தார். நான் ஓய்வுபெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் தந்து, என் பெயரைத் தப்பாக வாசித்து அனுப்பிவைத்தார்கள். ஆகவே அந்த முழுத்திரை எனக்குக் கொஞ்சம் பெரிய விஷயம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

மற்றவர்கள் பரவாயில்லை, சொன்னதைச் சொன்னார்கள். கனகசிங்கம்தான் திருந்தாத மாணவன். வாவியில் வலை வீசுகிறவர், ஐம்பத்தாறு வயது. ‘ஆமா’ என்று சொல்லச் சொன்னால் ‘ஓம்’ என்பார். ‘அப்புறம்’ என்றால் ‘மறுகா’ என்பார். ‘முடியல’ என்று பத்துத் தரம் எழுதிக் கொடுத்தேன், அவர் வாயில் ‘ஒண்ணா’ என்றுதான் வந்தது. என் கொப்பியில் சிவப்பு மையில் எல்லாம் குறித்திருக்கிறேன். நீங்கள் மேசையில் வைத்திருக்கிறீர்களே, அதே கொப்பிதான்.

ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “மாஸ்டர், நாங்க கதைக்கிறதும் தமிழ்தானே? எங்கட வாய்க்குள்ள ஏன் ஆருட நாக்கையோ வைக்கிறீங்க?”

இருபத்தொரு பேரும் சிரித்தார்கள். தேத்தண்ணி ஊற்ற வந்த நஸீறாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பண்புள்ளவன் அப்படித்தான் செய்வான்.

மூன்றாம் கிழமை அவர்கள் சுரங்கத்துக்குள் போக மறுத்து ஆலை முற்றத்தில் உட்கார்ந்தார்கள். கமெராக்காரர் சந்தோசப்பட்டு அரை மணி நேரம் படம் பிடித்தார். என்ன இயல்பான நடிப்பு என்று றிக்கி கைதட்டினார். அது உண்மையான வேலைநிறுத்தம் என்று பிறகுதான் அவருக்கு விளங்கியது, விளங்கியதும் கோபம் வந்துவிட்டது. தொழிலாளர் உரிமைக்காக இத்தனை பாடுபடுகிற மனுசனை இப்படியா நோகடிப்பது? அவர்கள் கரிபூசிய உடுப்போடு இருந்தால் கதிரை அழுக்காகும் என்று நிலத்தில் சாப்பாடு போட்டதைக்கூட அவர் எவ்வளவு யோசித்துச் செய்திருந்தார்.

அவர்கள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. பின்பக்கத் தகரத்தைக் கழற்ற வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது. பேச்சுவார்த்தைக்கு என்னை நடுவராக வைத்தார்கள், படித்தவன் என்றபடியால்.

“எனக்கு முட்டு வருத்தம் இருக்கு மாஸ்டர்,” என்று தன் ஆஸ்துமாவைச் சொன்னார் கனகசிங்கம். “வாவிக்குள்ள சுழியோடி மூச்சப் பிடிச்சவன் நான். இந்த உமித் தூசுக்குள்ள ரெண்டு நிமிசம் நிக்க ஒண்ணாம கிடக்கு. பொம்பிளப் பிள்ள ஒண்டு இருக்கு எனக்கு, தாயுமில்ல. நான் செத்துக் கித்துப் போனா அவளுக்கு ஆரு?”

றிக்கி யோசித்தார். தகரத்தைக் கழற்றினால் வெளிச்சம் வரும், அந்தக் காலத்துச் சுரங்கத்தில் வெளிச்சம் இல்லை. தாழ்ப்பாள் இல்லாவிட்டால் கதவு ஆடும், அந்தக் காலத்துக் கதவு ஆடாது. ஆக, மறுக்க அவரிடம் சரித்திர ஆதாரம் இருந்தது. உள்ளே ஒருவருக்கு உண்மையில் இயலாமல் போனால் எப்படித் தெரியும் என்று கனகசிங்கம் கேட்டார், அங்கே எல்லோரும் கத்துவதுதானே வசனம்? அதற்கு வழியையும் அவரே சொன்னார்.

“நாங்க மாஸ்டர் சொல்லித் தந்த பேச்சில கத்தினா, அது நடிப்பு. எங்கட பேச்சில கத்தினா, அது மெய். அப்ப கதவத் துறந்திரணும். மாஸ்டருக்கு விளங்கும்தானே.”

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். றிக்கிக்குத் தமிழ் சோறு கறி கேட்கிற அளவுக்குத்தான் தெரியும். ஆகவே நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் இருப்பது என்று முடிவானது. பெருவிரலை உயர்த்திப் பிடித்திருந்தால் எல்லாம் சரி. கையை இறக்கினால் ஓடிப்போய்க் கதவைத் திறப்பார்கள். இருபத்திரண்டு பேரின் மூச்சை என் காதில் ஒப்படைத்தார்கள், நான் ‘சரி’ என்றேன்.

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. கூட்டம் கலைந்த பிறகு றிக்கி என் தோளில் கை போட்டு, “இந்த ஆள் கதைக்கிறதைக் கேட்டீங்களா? எனக்கு மயிர் கூச்செறியுது. தஞ்சாவூரை விட்டிட்டு இவங்கட பேச்சிலயே முழுப் படத்தையும் எடுத்தா என்ன?” என்று இங்கிலீசில் கேட்டார். வியாழக்கிழமை கதவுக் காட்சியைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். ஒரு சொல்லைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஒருவர் மூச்சு இழுத்து இழுத்துப் பேசிய பேச்சு, என் பதினொரு மாதத் திருச்சியையும் முப்பத்திரண்டு வருடத்தையும் ஒரு பின்னேரத்தில் தூக்கி எறிந்துவிடப் பார்த்தது. எனக்கு ஆத்திரம் வந்தது, ஐயா. அதை மறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குக் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டார்கள். காற்றாடி ஓடத் தொடங்கியது. துரைக்குக் கேட்கும்படி எல்லோரும் கதவில் அடித்து, ‘கதவத் தொறங்க தொர, மூச்சு முட்டுது’ என்று கத்த வேண்டும். கத்தினார்கள். முதல் ஒரு நிமிடம் அருமையாக இருந்தது. இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்தது என்று மனம் குளிர்ந்தேன்.

பிறகு கனகசிங்கம் ‘துறங்க’ என்றார். ‘தொறங்க’ என்று வர வேண்டும். குறித்துக்கொண்டேன்.

மறுபடி ‘துறங்க’. பிறகு ‘ஒண்ணா’. அதுவும் எத்தனை தரம் திருத்திய சொல். நேரத்தையும் பக்கத்தில் எழுதினேன், அது என் பழக்கம். இடது கையில் பேனை, வலது கையின் பெருவிரல் உயர்ந்தபடி. நான் இடதுகைக்காரன்.

ஐந்தாம் தரம் அவர் துரையைக் கூப்பிடவில்லை. “மாஸ்டர்,” என்றார். “மாஸ்டர், மூச்செடுக்க ஒண்ணாம கிடக்கு மாஸ்டர். துறங்க.” ‘சுரங்கத்துக்குள் மாஸ்டர் என்று ஒரு பாத்திரம் இல்லை. பிழை’ என்று எழுதினேன். நீங்கள் விரலால் தொட்டுக் காட்டுகிற வரி அதுதான்.

றிக்கி திரையைப் பார்த்தபடி, “மாஸ்டர், சரியா?” என்று கேட்டார். “சரி,” என்றேன்.

அதன் பிறகு மற்றவர்களும் தஞ்சாவூரை மறந்துவிட்டார்கள். இருபத்தொரு பேரும் சொந்தப் பேச்சில் கத்தினார்கள். எல்லோரும் சேர்ந்து கத்தும்போது யார் சொன்னது எது என்று பிரித்துக் குறிக்க முடியவில்லை, அதனால் கொப்பியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. கதவைத் திறந்தது நஸீறா. தேத்தண்ணித் தட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். அவள் வசனப் பிரதியைப் படித்தவள் இல்லை. போகிற வழியில் என் முன்னால் நின்று ஒன்று கேட்டாள்: “அந்த மனிசன் ஒண்ணா ஒண்ணாண்டு ஒங்களத்தானே கூப்புடுறார். நீங்க என்ன எழுதிக்கிட்டு இரிக்கீங்க?”

கனகசிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துபோனார்.

முதல் விசாரணையில் நான் சொன்னது உங்களிடம் இருக்கும். அவர் கடைசிவரை எழுதிக் கொடுத்த வசனத்தைத்தான் பேசினார், சைகைச் சொல் ஒன்றும் என் காதில் விழவில்லை என்றேன். இருபத்தொரு பேரும் நஸீறாவும் வேறு விதமாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கூலிக்கு நடிக்க வந்தவர்கள், அவள் தேத்தண்ணி ஊற்றுகிறவள், நான் பண்டிதர். என் சொல் எடுபட்டது, ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க ஒருவரும் நினைக்கவில்லை. தொழிலாளியின் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதுதான் எங்கள் படத்தின் கருவும்.

அவருடைய மகள் யசோதினி சாதாரண தரப் பரீட்சை வகுப்பில் என்னிடம் படித்தவள். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு வீட்டுக்கு வந்தாள். குற்றம் சாட்ட வரவில்லை. “அப்பா கடைசியா என்ன சேர் சொன்னவர்? வேற ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லுறாங்க இல்ல,” என்று மட்டும் கேட்டாள்.

“கதவைத் திறங்கள் துரை, மூச்சு முட்டுகிறது என்றார் பிள்ளை,” என்று சொன்னேன். பிள்ளைக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று எழுத்துத் தமிழில் சொன்னேன். “அப்பா துரை எண்டு ஒருத்தரையும் கூப்பிட மாட்டார் சேர்,” என்றாள். மனைவி தேத்தண்ணி போட உள்ளே போக, நான் கண்ணாடியைத் தேடிப் போக, கொப்பி மேசையில் கிடந்தது. சிவப்பு மை அவளுக்குப் புதிதல்ல. போனில் படம் எடுத்து உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள், பிறகு நீங்கள் கொப்பியையே எடுத்துக்கொண்டீர்கள். எதையும் ஆதாரத்தோடு எழுது என்று அவளுக்குப் படிப்பித்தவனே நான்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில். ஓம், கேட்டேன். முதல் ‘துறங்க’விலேயே விளங்கிவிட்டது. ஏழு தரம் கூப்பிட்டார், ஏழு தரமும் விளங்கியது. கையை இறக்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பார், அவர் பேச்சும் வென்றிருக்கும். இறக்கவில்லை. நான் சாகடிக்க நினைக்கவில்லை, திருத்த நினைத்தேன். இன்னும் ஒரு தரம் முயன்றால் சரியாகச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

அந்தக் காட்சியைப் படத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் போல ஒரு நடிப்பை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று றிக்கி எல்லோரிடமும் சொல்கிறார். படத்தையே கனகசிங்கத்துக்குச் சமர்ப்பித்தும் இருக்கிறார். இவர்கள் பேச்சில் எடுக்கிற யோசனை அந்தச் சாவோடு போய்விட்டது. குரலைத்தான் பயன்படுத்த முடியவில்லை, தஞ்சாவூர்க்காரன் ‘ஒண்ணா’ என்று சொல்லமாட்டானே. கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு என்னை அழைத்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் அவர் உதடு அசைகிற இடமெல்லாம் பார்த்துப் பார்த்து நானே பேசிக் கொடுத்தேன். கதவத் தொறங்க தொர, மூச்சு முட்டுது. ஒரே தடவையில் முடிந்துவிட்டது. நீங்களும் படம் வந்ததும் பாருங்கள் ஐயா, ஒரு பிழையும் இல்லை.