அம்மா நம்பருக்கு ஒரு டெமோ

ஜெனிதா: மொதல்ல அந்த மைக்கை ஆஃப் பண்ணு கிருபா. அந்த டெமோ கிளாஸ்காரன் இன்னும் "ஹலோ ரூபன் சார்"ங்கறான்.

கிருபா: பண்ணிட்டேன்க்கா. மாமா பேருல புள்ள கொரலு வருதேன்னு அவருக்கே சந்தேகம் வந்துருச்சு.

ஜெனிதா: வரட்டும். ஒரு நம்பருக்கு ஒரு டெமோதான் ஓசின்னா, நாம என்ன பண்றது? இது எத்தனாவது?

கிருபா: ஆறாவது. அப்பா, அம்மா, நீ, நானு, ஜெபமணி சித்தப்பா, இப்ப மாமா.

ஜெனிதா: சரி, மாமாவுக்கு ஸ்பானிஷ்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?

கிருபா: வணக்கம். ஒண்ணுல இருந்து பத்து. அப்பறம்... வாழைப்பழம்.

ஜெனிதா: மறுக்காவும் வாழைப்பழமா! ஆறு டெமோ, ஆறு வாழைப்பழம்! நீ ப்ளஸ் டூ முடிக்கறதுக்குள்ள பழக்கடையே வெச்சுப்போடலாம்.

கிருபா: சிரிக்க வெக்காதக்கா...

ஜெனிதா: சிரிக்கற கதையா இது? நீ சொல்லலியா, "நான் ஸ்பானிஷ்ல பேப்பரே படிக்கறேனுங்க"ன்னு?

கிருபா: சொன்னேன். ஒரு பத்தி படிச்சும் காட்டினேன். "வெரி குட் சார், பேசிக்ல இருந்து ஆரம்பிக்கலாம்"னாரு.

ஜெனிதா: ஆரம்பிப்பான்! வெலை கம்மின்னா எல்லாவனும் ஆனா ஆவன்னாவோட நிறுத்திக்கறான். மேல் கிளாஸ் வேணும்னா முப்பத்தெட்டாயிரம். அவ்வளவு குடுக்கறவனுக்கு மட்டுந்தான் மூளை வளருமாமா?

கிருபா: கத்தாதக்கா. அம்மா காதுல உழுகும்.

ஜெனிதா: உழுகட்டும். மே மாசம் உனக்கு ஸ்பானிஷ் பரீட்சை. சொல்லிக் குடுக்க ஆளில்லாம பேசற பரீட்சைய எப்படி எழுதுவே? செவுத்துக்கிட்டயா பேசிப் பழகுவே?

கிருபா: கண்ணாடிக்கிட்ட பேசறேனே.

ஜெனிதா: கண்ணாடி தப்பைத் திருத்துமா? நான் காலேஜுல சேந்தப்ப ஃபாரத்துல எங்க கையெழுத்துப் போடறதுன்னு சொல்லக்கூட நம்மூட்ல ஆளில்ல. முட்டி மோதி நானே கத்துக்கிட்டேன். நீயும் அப்படி முட்டோணும்னு தலையெழுத்தா?

கிருபா: அக்கா... கொஞ்சம் பொறு. நாளான்னிக்கு வரைக்கும்.

ஜெனிதா: பொறுக்க முடியாது. அந்த முப்பத்தெட்டாயிரத்துக்காரன் ஆஃபரு இன்னைக்குப் பொழுதோட முடியுது. அஞ்சு மணிக்குச் சுந்தரராஜுலு வாராரு. கையில காசு வந்ததும் கட்டிப்போடலாம்.

கிருபா: எந்தச் சுந்தரராஜுலு? பழைய வண்டி வாங்கி விக்கறவரா?

ஜெனிதா: ஆமா, அவரேதான்.

கிருபா: அக்கா! உன்ற ஸ்கூட்டியவா?

ஜெனிதா: அது பழசு. பிரேக்கும் சரியில்ல.

கிருபா: போன மாசந்தானே பிரேக் மாத்தினே! திருப்பூருக்கு வேலைக்கு எதுல போவே?

ஜெனிதா: பஸ்ஸெல்லாம் சும்மாதானே ஓடுது? ஏறிப் போறேன். நீ அழுகாதே. அழுதீன்னா ஒண்ணு வெச்சனா...

கிருபா: வேண்டாம்க்கா. அவரை வர வேண்டாம்னு சொல்லு. இப்பவே சொல்லு!

ஞானாபரணம்: என்ன கண்ணு சத்தம்? டீ ஆறுது. யாரு வாராங்க?

கிருபா: அம்மா, அக்கா வண்டிய விக்கறா! எனக்குக் கிளாசுக்குக் காசு கட்டறதுக்கு! சொல்லிப்போடட்டுமா?

ஞானாபரணம்: ஐயோ, இரு சாமி... அவசரப்படாதே.

ஜெனிதா: எதைச் சொல்றது? என்ன ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கறீங்க?

ஞானாபரணம்: ஒண்ணுமில்ல கண்ணு. என்ற நம்பருக்கு டெமோ போட்டீங்கல்ல... அதுக்கு மறுநாளு ஒரு தம்பி போன் பண்ணுச்சு. தறியில நூல்கோன் சுத்திட்டிருந்தேன். "ஞானாபரணம் மேடம், உங்க ஸ்பானிஷ் ரொம்ப அருமைங்க மேடம்"னுச்சு.

ஜெனிதா: நீ என்ன சொன்னே?

ஞானாபரணம்: ரொம்பச் சந்தோசமுங்க தம்பின்னேன்.

ஜெனிதா: அம்மா!

ஞானாபரணம்: சேந்துக்கறீங்களான்னு கேட்டுச்சு. ஆகட்டுங்க தம்பி, சேந்துக்கறேனுங்கன்னேன்.

ஜெனிதா: ஏம்மா? "வேண்டாம்"னு ஒரு வார்த்தை வராதா உன்ற வாயில?

ஞானாபரணம்: மேடம் மேடம்னு அத்தனை மருவாதியாப் பேசற புள்ளைகிட்ட, மூஞ்சில அடிச்சாப்ல வேண்டாம்னு எப்பிடிச் சொல்றது? கறிக்காரரு வந்தாலே நாளைக்கு வாங்கிக்கறேனுங்கன்னுதானே சொல்லி அனுப்பறோம்.

ஜெனிதா: கறிக்காரருக்குப் புரியும்! அவன் எந்த ஊர்க்காரனோ, நெசமுன்னு நெனச்சுச் சேத்திருப்பானே!

ஞானாபரணம்: சேத்துப்போட்டான்.

ஜெனிதா: கெரகம்! எவ்வளவு கேட்டான்? குடு போனை, இப்பவே நிறுத்தறேன்.

கிருபா: நிறுத்திப்போடாதக்கா! மாசம் அறுநூறுதான். அதுல ஒரு சங்கதி இருக்குது. ஒரே ஊட்ல ரெண்டாமத்த ஆளு சேந்தா, எந்தக் கிளாசுன்னாலும் அதே அறுநூறுதான். மேல் கிளாசுக்கும்!

ஜெனிதா: என்னது?

கிருபா: ஆமாக்கா. வாத்தியாரு கொலம்பியாக்காரரு. வாரத்துல மூணு நாளு, பேசறது மட்டுந்தான். நான் பாத்துட்டேன். சுத்தமா வாழைப்பழமே கெடையாது.

ஜெனிதா: அப்ப எதுக்குடி இத்தனை நாளு என்னை அலைய உட்டே? ஆறு டெமோ! மாமன் பேருல வேற பொய் சொல்லி!

கிருபா: ஒரு கண்டிசன் இருக்குதுக்கா. மொதல்ல சேந்தவங்க பத்து கிளாஸ் முடிக்கோணும். கேமரா ஆன்ல இருக்கோணும். ஒண்ணு தப்பினாலும் சலுகை போயிரும். முடியாமப் போச்சுன்னா நீ ஏமாந்துபோவேன்னுதான் சொல்லல. இப்ப ஒம்பது முடிஞ்சுது. நாளைக்குப் பத்தாவது.

ஜெனிதா: கேமரா ஆன்லயா... அடியே, நீ அம்மா சேலையக் கட்டிக்கிட்டு உக்காந்தியா?

கிருபா: ஐயோ, இல்லக்கா!

ஜெனிதா: பின்ன? பக்கத்தூட்டுச் சின்னாத்தா அக்காவ உக்கார வெச்சியா? போலீசுல புடிச்சுக் குடுத்துருவாங்கடி!

கிருபா: அம்மா, நீயே சொல்லு. என்னால சிரிப்ப அடக்க முடியல...

ஜெனிதா: அம்மா? ஏன் தலையக் குனியறே? சொல்லு, யாரு உக்காந்தது?

ஞானாபரணம்: நாந்தான் கண்ணு. பொழுதோட ஜெபமாலைக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு, சின்னாத்தா ஊட்ல உக்காந்து ஒம்பது கிளாஸ் படிச்சுப்போட்டேன், மாதா மன்னிச்சுக்குவா. நாளைக்குக் குடும்பத்தைப் பத்தி ஸ்பானிஷ்ல அஞ்சு வரி பேசோணுமாம்... மூத்தவ பட்டதாரின்னு ஒண்ணு, அவளுக்குக் கோவம் எச்சுன்னு ஒண்ணு, ரெண்டும் தண்ணியா வருது. உங்கப்பனைப் பத்தி என்னத்தச் சொல்றதுன்னுதான் ரோசனையா இருக்குது.