நாம் கட்டிய மேடையும் பட்டுப்போன இலுப்பையும்

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெரியவர் விருசபதாசன் அவர்களே! வேங்கிக்கால் குடியிருப்பின் மூத்தோர்களே! அடுப்பில் பாதிச் சமையலை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் தலை தாழ்த்தி வணங்குகிறேன். தாழ்ந்த இந்தத் தலை இன்று நிமிரப் போவதில்லை.

சங்கத் தலைவன் தசரதனாகிய எனக்குப் பொன்னாடையாம்! மரங்களைக் காத்த மாமனிதன் என்று சுவரொட்டியாம்! கை தட்டாதீர்கள் அய்யா, கூசுகிறது.

சென்ற ஞாயிறு காலை நாம் இருபது பேர் நடந்தோம். இந்த ஊர் ஊராவதற்கு முன் இருந்த காட்டில் என்ன மிச்சம் என்று பார்க்க நடந்தோம். செங்கம் சாலையில் ஒரு விடுதியின் பின்னால் இரண்டு உசிலை மரம். ஒரு மதிலோரம் நான்கு வெப்பாலை. இவ்வளவுதானா எஞ்சியது? இல்லை, நம் இலுப்பைத் தோப்பைப் பாருங்கள் என்று மார்தட்டி அழைத்து வந்தேன். மரத்துக்கு மரம் சிமெண்டு மேடை! மேடைக்கு மேடை வழவழவென்று டைல்ஸ்! கிரிவலம் வந்தவர்கள் களைப்பாற மூன்றாண்டுக்கு முன் நாம் கட்டியது. ஒவ்வொன்றிலும் உபயம் செய்தவர் பெயர் பொறித்த கருங்கல்!

கூட வந்த ஜியாவுல்லா பாய், மரவேலை செய்பவர், முதல் மரத்தை விரல் முட்டியால் தட்டினார். காது வைத்துக் கேட்டார். அடுத்ததையும் தட்டினார். "இன்னா பாய், எப்படி இருக்குது நம்ம தோப்பு?" என்றேன் பெருமையாக.

"உள்ள செத்துப்போச்சுங்க. அடிமரத்த சுத்தி சிமெண்ட்ட போட்டு மூடிட்டீங்க, வேருக்குத் தண்ணி எப்படிங்க போவும்? நல்லதுன்னு நெனச்சுதான் பண்ணீங்க. ஆனா நீங்கதான் சாவடிச்சிருக்கீங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

காட்டை அழித்தவன் யார், யார் என்று ஊரெங்கும் முழங்கினேனே! கோடரி எடுத்தவனைக் கொலைகாரன் என்றேனே! சிமெண்டு பூசக் கரணை எடுத்தவனுக்கு என்ன பெயர்? சொல்லுங்கள், எனக்கு என்ன பெயர்?

தோப்பின் ஒன்பது மரங்களில் நான்கு போய்விட்டன. "மீதி அஞ்சும் மழைக்கு முந்தி ஒடைச்சு வுட்டா பொழைச்சுக்கும்" என்கிறார் பாய். ஆகவே மேடைகளை உடைக்க வேண்டும் என்று இந்த அவையில் வேண்டுகிறேன்.

என்ன அப்பாதுரை அண்ணே, எழுந்துவிட்டீர்கள்? "எங்கப்பா பேரு இருக்கிற கல்லுப்பா அது! அதப் போயி ஒடைப்பியா நீ?" என்கிறீர்கள். கேட்டது அண்ணே, எல்லோருக்கும் கேட்டது. உங்கள் கோபம் நியாயம்தான், உட்காருங்கள்.

அந்த ஐந்தில் ஒன்றான ஓரத்து மரத்தின் கல்லை நீங்கள் படித்திருப்பீர்கள். வள்ளியம்மாள் நினைவாக, மகன் தசரதன் உபயம். என் அம்மாவின் பெயர் இந்த ஊரில் வேறு எங்கும் எழுதப்படவில்லை. அதனால்தான் நான்கு நாளாக வாய் திறக்காமல் இருந்தேன். மரம் போனால் போகட்டும், கல் இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன், அண்ணே. பெற்றவள் பெயரை வைத்துக்கொண்டு அப்படி நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை ஆறு மணிக்குக் கடப்பாரையோடு தோப்பில் நிற்பேன். நீங்கள் சொல்லும்வரை உங்கள் அப்பா கல்லை யாரும் தொடமாட்டார்கள். முதல் அடி என் அம்மா பெயர்மேல் விழும். அதைப் பார்த்துவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. அப்பாதுரை அண்ணே, நீங்கள் அவசியம் வரவேண்டும். ஓங்கிய கை அம்மா பெயரைப் பார்த்து நின்றுவிட்டால், கடப்பாரையை வாங்கி நீங்கள் அடியுங்கள். வணக்கம்.