குழாயின் கழுத்தில் சிவப்புத் துணி

பித்தளையை நான் வெறுங்கையால் தொட மாட்டேன். விரல் பட்ட இடம் கறுத்துவிடும். எங்கள் மைக்ரோவேவ் நிறமாலை ஆய்வகத்தில் இருக்கும் ஒன்பது மீட்டர் பித்தளைக் குழாயை நான்தான் கட்டினேன். பதினோரு வருடம் ஆயிற்று. என் மனைவிகூட அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

குழாய்க்குள் வாயுவை விட்டு அலையைச் செலுத்துவோம். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குரிய அலையை மட்டும் விழுங்கும். திரையில் அந்த இடத்தில் ஒரு கோடு இறங்கும். போன வருடம், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு கோட்டைப் பிடித்தேன். அன்றுதான் என்னை மெக்கானிக் என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

சேர்மங்களைத் தயாரிப்பது என் மச்சினன். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். தங்கமான பையன், வாய்தான் சும்மா இருக்காது.

"அத்தான், அது நம்ம மூலக்கூறோட கோடு இல்ல. நான் சரியா கழுவாம விட்ட அழுக்கோட கோடு. தப்பு என்னோடதுதான். டைரக்டர்கிட்ட நானே சொல்லிடறேன், நீங்க சங்கடப்படாதீங்க."

"முதல்ல சுத்தமா ஒரு தடவை செஞ்சு பாரு," என்றேன்.

மூன்று நாளில் செய்து முடித்துக் குப்பியை மூடி வைத்தான். அன்று அதைக் குழாயில் விட்டுப் பார்க்காமல் தள்ளிப்போட்டேன். அதை மறைக்கவில்லை.

வாயுவை வெளியே உறிஞ்சும் பம்புக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் உண்டு. திரவ நைட்ரஜனில் மூழ்கியிருக்கும். விஷ வாயு அதில் உறைந்து தங்கிவிடும். வெளியே எடுத்தால் சூடேறிக் கிளம்பும். உள்ளே சரக்கு இருக்கும்வரை கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்க வேண்டும். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும், அது எங்கள் வழக்கம். அன்று காலை கட்டியவன் நான். அவிழ்த்ததும் நானே. வழக்கத்தை மீறவில்லை.

கழுவும் அறையின் புகைபோக்கி மின்விசிறியையும் எண்ணெய் போடக் கழற்றி வைத்திருந்தேன். அது ரொம்ப நாளாகவே கீச்சுக் கீச்சென்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணாடிக் குழாய் காலியா அத்தான்? கழுவிடட்டுமா?"

"துணி இருக்கா பாரு."

"இல்ல."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொன்னேன் என்று விசாரணை அறிக்கையில் நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

கழுவும் அறைக்குள் போனான். ஏசி குளிர் வீணாகாமல் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன், அந்தக் கதவு சரியாக நிற்காது. அவன் இரண்டு முறை தட்டினான். மூன்றாவது, தட்டல் என்று சொல்ல முடியாது. நான் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறேன்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அவன் குப்பியைத் திறந்து குழாயில் விட்டேன். மூன்று முறை பார்த்தேன். கோடு வரவில்லை. சுத்தமாகச் செய்துவிட்டேன் என்று என்னவோ பெருமையாகச் சொன்னான். இதிலும் சொதப்பித்தான் வைத்திருக்கிறான். ஆள் இருந்திருந்தால் இன்னொரு தடவை செய்யச் சொல்லியிருப்பேன்.