கண் எரியாத புகை

புகை மூட்டிக் கறி சுடும் ஸ்மோக்கர் அடுப்பு வாங்குகிறவர்கள் சக்கரத்தைப் பார்க்கிறார்கள், பூச்சைப் பார்க்கிறார்கள், இரும்பின் கனத்தை மட்டும் பார்ப்பதில்லை. தகடு மெலிந்ததென்றால் ஒரு வாடைக்காற்றுக்கே சூடு இறங்கிவிடும், ஷெரிஃப். என் தங்கை லோரீனின் கணவன் டாரெல் அப்படியொரு தகர டப்பாவைத்தான் வாங்க இருந்தான். நான்தான் தடுத்து, கனத்த இரும்பில் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி, மறுகோடியில் புகைபோக்கி, நடுவில் கறி.

அதைப் பதத்துக்குக் கொண்டுவந்ததும் நான்தான். புகை கசிந்த இடுக்குகளை அடைத்தேன். கம்பித்தட்டு முழுக்கப் பிஸ்கட் மாவை உருட்டி வைத்துச் சுட்டோம். நெருப்புப் பக்கம் இருந்தவை கருகின, மறுபக்கம் வெளுத்துக் கிடந்தன. எல்லாம் ஒரே நிறமாக வரும்வரை சூட்டைப் பரப்பும் அடித்தகடுகளை நகர்த்தி நகர்த்தி வைத்தோம். கருகியதையெல்லாம் டாரெலே தின்று தீர்த்தான். நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் கவுண்டி முழுவதற்குமான கறி சுடும் போட்டியில் மாட்டு நெஞ்சுக்கறிக்கான கோப்பை அவனுக்குப் போயிற்று. அதற்கு முன் அது என் வீட்டு அலமாரியை விட்டு எங்கும் போனதில்லை. தீவனக் கடை நடத்தும் ஓட்டோ, "என்ன ஆல்வின், இனிமே ஒன் மாப்பிள்ளகிட்ட நீ பாடம் படிக்கணும் போலயே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டாரெல் மட்டும் சிரிக்காமல், எல்லாம் மச்சான் சொல்லிக் கொடுத்ததுதான் என்றான். அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிறகு மாதா கோவில் விருந்துக்குக் கறி சுடும் வேலையும் அவனிடம் போயிற்று. அன்று வாடை எலும்பைத் துளைத்தது. ஸ்மோக்கரை வண்டிக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொள் என்றேன். அவனுக்குக் கொஞ்சம் தயக்கம்.

"பின் ஜன்னலையாவது தொறந்து வைக்கட்டுமா மச்சான்? மூச்சு முட்டாது?"

"கண்ணு எரியுதா?"

"இல்ல."

"அப்ப அது நல்ல புகை, மாப்ள. நீலமா, மெல்லிசா வர்ற புகை ஒண்ணும் பண்ணாது. ஜன்னலத் தொறந்தா சூடு எறங்கிரும், அப்புறம் கறி ரப்பர்தான்."

நீலப் புகை கறிக்கு நல்லது என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அதே தணலிலிருந்து மணமில்லாமல், நிறமில்லாமல் ஆளைச் சாய்க்கிற வாயுவும் ஒன்று வருகிறது என்பது எனக்குத் தெரியும். மூடிய தொட்டிகளுக்குள் வெல்டிங் செய்து பிழைத்தவன் நான். இன்னொன்றும் தெரியும். நெருப்பு மூட்டியவன் கறி வேகும்வரை அதை விட்டு எழுந்து போவது எங்கள் பக்கத்தில் மானக்கேடு. தலையே பிளந்தாலும் டாரெல் போகமாட்டான்.

அவனை அடக்கம் செய்தபின் லோரீனுக்கு அந்த ஸ்மோக்கரைக் காணச் சகிக்கவில்லை. என் வீட்டுப் பின்புறம் கொண்டுவந்து விட்டுவிட்டாள். நான் அதில் ஒரு குச்சிகூடக் கொளுத்தியதில்லை. ஆனால் காலையில் மூடியைத் தொட்டால் சுடுகிறது. புகைபோக்கியிலிருந்து நீலமாக ஓர் இழை எழுந்து, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் என் சமையலறைக்குள்தான் வருகிறது. என் மனைவிக்கு எதுவும் தெரிவதில்லை. எனக்கும் கண் எரிவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வலி தெரியாமல் போனானா என்று லோரீன் இன்னமும் கேட்கிறாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் கொட்டகையைத் திறந்தபோது அவனுக்கு மூச்சு இருந்தது. நாற்காலியில் சரிந்து கிடந்தபடியே, "மச்சான், கறி" என்றான். கறியும் இறக்கும் பதத்தில் இருந்தது. அந்தப் பதம் யாருக்காகவும் காத்திருக்காது. அவசரப்படாமல் இறக்கினேன், காகிதத்தில் சுற்றினேன், சூடு தங்கும் பெட்டியில் வைத்து மூடினேன், கையைத் துடைத்துக்கொண்டேன். அவன் பக்கம் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

கோவில் விருந்தை நிறுத்திவிட்டார்கள். அன்று மாலை துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அந்தக் கறியைத்தான் நறுக்கிக் கொடுத்தேன். ஓட்டோ ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீரோடு, இதை யார் சுட்டது என்று கேட்டான்.

நான் என்றேன். கடைசியாகக் கை வைத்தது நான்தானே, ஷெரிஃப். அதில் பொய் ஒன்றும் இல்லை.