சாவி வாங்க வந்த குருவி

இல்லல்ல, செருப்பு அங்கேயே கிடக்கட்டும், நீங்க உள்ள வாங்க தம்பி. அவரு உள் ரூம்ல படுத்திருக்காரு. மாத்திரை போட்டா இப்படித்தான், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாரு. சாவி எங்கேயும் ஓடிடாது, உக்காருங்க.

இன்டர்நெட்ல குருவின்னு பேர் வெச்சிருக்கீங்களே, நான் யாரோ சின்னப் பையன்னு நெனச்சேன். ஆளைப் பாத்தா வாட்டசாட்டமா இருக்கீங்க!

ஆமா, அதுதான் அவரோட மேஜை. அங்க உக்காந்துதான் எழுத ஆரம்பிச்சாரு. எங்க அண்ணி கேப்பாங்க, உன் வீட்டுக்காரர் அப்படி என்னதான் பண்றாருன்னு. வெப்சைட் கட்டறவங்களுக்கு அஸ்திவாரமும் தூணும் எழுதி வெக்கறாரு அண்ணி, லாகின் பாக்கறது, பக்கத்தை எடுத்துக் குடுக்கறது, சர்வர்ல நடக்கற அத்தனையும் ரெடியா இருக்கும், செவுரும் பெயின்ட்டும் அவங்க பாத்துக்குவாங்கன்னேன். யாரு வேணா எடுத்துக்கலாம், யாரு வேணா திருத்திக் குடுக்கலாம், ஓப்பன் சோர்ஸ்னு சொன்னேன். அப்போ கூலி யாரு தருவான்னாங்க.

சிரிக்கறீங்க. ஆனா இதை வெச்சு ஆஸ்பத்திரி ஓடுது, ஸ்கூல் ஓடுது. அவருக்கு உடம்பு முடியாம போச்சுன்னதும் எல்லாரும் என்ன எழுதினாங்க தெரியுமா? புது வெர்ஷன் எங்கேன்னு. என்னமோ சம்பளம் குடுத்து வெச்ச மொதலாளி மாதிரி ஏச்சு. நீங்க ஒருத்தர்தான், மெதுவா பாத்துக்கலாம் அண்ணா, மொதல்ல உடம்பைப் பாருங்கன்னு எழுதினீங்க. வந்த பிழையெல்லாம் நீங்களே சரி பண்ணீங்க. கடைசியில, சிரமப்படாதீங்க அண்ணா, வெர்ஷனை வெளியிடற டிஜிட்டல் சாவியை என்கிட்ட குடுங்கன்னு கேட்டீங்க. சரி, நேர்ல வந்து வாங்கிக்கோங்கன்னு பதில் வந்துச்சு இல்ல?

அட, அந்த ட்ராயரை ஏன் பாக்கறீங்க? அதுல இல்ல. சொல்றதைக் கேளுங்க.

போன மாசம் இதுல இருந்த வேண்டாத ஃபைலையெல்லாம் கழிச்சுக் கட்டிட்டு இருந்தேன். யாரா? நாந்தான் தம்பி. அவரும் நானும் சேர்ந்து எழுதினதுதானே அது. என் பேரைப் போட்டுக்கல, அவ்வளவுதான். டெஸ்ட் பண்றதுக்குன்னு நீங்க ஒரு படம் போட்டிருந்தீங்க, மஞ்சப் பூ. அதை எடுத்தேன். லாகின் நின்னு போச்சு. திருப்பிப் போட்டேன், வேலை செஞ்சுது. ஒரு பூவை எடுத்தா லாகின் ஏன் நிக்கணும்? தோண்டிக்கிட்டே போனேன். படத்துக்குள்ள ஒரு ப்ரோக்ராம் ஒளிஞ்சிருந்துச்சு. ஒரே ஒரு வார்த்தையை பாஸ்வேர்டா அடிச்சா யாரோட கணக்கு வேணா திறக்குது. எந்த ஆஸ்பத்திரியில எந்த நோயாளியோட விவரம் வேணா. அது புது வெர்ஷனோட வெளிய போகாம இருந்ததுக்கு ஒரே காரணம், சாவி உங்ககிட்ட இல்ல.

ஏன் எழுந்திரிக்கறீங்க? தண்ணி குடிங்க. முகமெல்லாம் வேர்த்திருச்சே.

அவரைக் கூப்பிட வேண்டாம். உள்ள யாரும் இல்ல, காலையிலேயே தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். இதையெல்லாம் அவர் தாங்க மாட்டாரு. குருவி குருவின்னு உங்க மேல உசிரையே வெச்சிருக்காரு.

மாடிப்படியில சத்தமா? ஆமா, சைபர் க்ரைம்காரங்க. கீழ் வீட்டுலதான் உக்காந்திருந்தாங்க. குருவிங்கற பேருக்குப் பின்னாடி இருக்கற முகம் எங்க யாருக்குமே தெரியாதே, அதான் நேர்ல வரவழைக்கச் சொன்னாங்க.

இன்னொண்ணு தம்பி. அவருக்கு வாதம் வந்ததுலேருந்து ரெண்டு கையும் விளங்கல, ஒரு எழுத்து அடிக்க முடியாது. உங்களுக்கு அவர் பேர்ல பதில் எழுதினது பூரா நாந்தான். சாப்பிட்டீங்களா அண்ணான்னு நீங்க கேட்ட அன்னிக்கு, கீபோர்டு மேல தலையைக் கவுத்துக்கிட்டு அழுதது நான். எங்க சொந்தத்துல ஒருத்தர்கூட கேக்கல அதை. அதுவும் வேஷமான்னு மட்டும் சொல்லிடுங்க.

சரி, விடுங்க.

வாங்க சார். இவருதான்.