எட்டாவது நிழல்

— இந்தப் படத்துல ஏழு பொண்ணுங்க குதிச்சிருக்காங்க. மணல்ல ஏழு நிழல் விழுந்திருக்கு. இந்த எட்டாவது நிழல் யாருதுய்யா மப்ரூக்?

— என்னோடதுதான். சூரியன் எனக்குப் பின்னால இருந்துச்சு, என் நிழல் விழாம எவன் நிழல் விழும்? அழிச்சுவிட்டுட்டு அடுத்ததப் பாரு சாஸியா. அந்தப் பொண்ணுங்க சாயங்காலம் துனிஸ் பஸ் ஏறணும்.

— இந்தா மனுசா, இருபது வருசமா நீ எடுக்குற, நான் கம்ப்யூட்டர்ல சரி பண்றேன். மணல்ல குழி தோண்டிப் படுத்துக்கிட்டுத்தானே எடுப்பே? கீழருந்து எடுத்தாத்தான் ஆளு வானத்துல பறக்குற மாதிரி இருக்கும்னு? படுத்துக் கெடக்குறவன் நிழலு பேரீச்சமரம் கணக்கா நீளுமா?

— நேத்து நின்னுக்கிட்டு எடுத்தேன்டி.

— பாவாடை கட்டிக்கிட்டா?

— என்னது?

— கண்ணத் தொறந்து பாரு. கீழ எம்புட்டு அகலமா விரிஞ்சு கெடக்கு!

— அது என் அங்கிடி. காத்துல விரிஞ்சுக்கிச்சு.

— கொளுத்துற வெயில்ல அங்கி. சரி. இடுப்புல ஒரு சின்னத் தல மொளச்சிருக்கே, அதுவும் அங்கிதானா?

— கேமரா பை.

— பைக்குக் காது இருக்குமாய்யா? ரெண்டு காது!

— சும்மா நொய்நொய்ங்காதடி. வேலையப் பாரு.

— வேலையத்தான் பாக்குறேன். இடுப்புல புள்ளையோட ஒரு பொம்பள நின்னு உன் கேமராவுல எடுத்திருக்கா. நான் தொட்டாலே ‘லென்ஸு, லென்ஸு’ன்னு அலறுவியே, அவ தொட்டா இனிக்குதா? அதான் தினமும் மத்தியானத்துக்குக் குஸ்குஸ ரெண்டாள் அளவு கட்டச் சொல்றியா? எவ அவ?

— வாய அளந்து பேசு.

— பேரச் சொல்லு. இல்லேன்னா இத ஆளுயரத்துக்குப் பிரிண்டு போட்டுக் கடை வாசல்ல மாட்டுவேன். தூஸ் ஊரே வந்து அடையாளம் சொல்லட்டும்.

— மாட்டுடி! மாட்டித்தான் பாரேன்! உம் மகதான். நஜ்லா. போதுமா?

— அந்தப் பேர இந்தக் கடையில எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

— மூணு வருசமா எடுக்கல. நீதான் இப்ப எடுக்க வச்சே.

— நான் கத்துக்குடுத்த தொழில எதிர்க்கடைக்காரன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனவ! அவன் மகனுக்கு வாக்கப்பட்டவ! அவ மாமனாரு இன்னைக்கும் நம்ம வாசலப் பாத்துத்தான் எச்சியத் துப்புறான். அவகிட்டயா கேமராவக் குடுத்தே, மானங்கெட்ட மனுசா?

— பின்ன என்ன பண்ணச் சொல்றே? எனக்கு முட்டி போச்சுடி. குழிக்குள்ள படுத்தா எழுப்பிவிட ரெண்டாளு வேணும். கை வேற நடுங்குது. உன்கிட்டச் சொன்னா கடையச் சாத்துன்னுருவே. அவளுக்கு எப்படியோ தெரிஞ்சுது. தானா வந்தா. அவ படுத்து எடுப்பா, நான் புள்ளைய வச்சுக்குவேன். நேத்து பாத்து அது எறங்க மாட்டேன்னு அழுதுச்சு. அதான் நின்னே எடுத்தா.

— எத்தனை நாளா நடக்குது இது?

— நாலு மாசமா.

— நாலு இல்ல. அஞ்சு.

— என்ன?

— நீ எடுத்த படத்துல என்னைக்காவது எல்லாக் காலும் மேல இருந்திருக்கா? எவனாவது ஒருத்தன் கீழ எறங்கி மணல்ல நிப்பான். கம்ப்யூட்டர் வாங்குன நாள்லேருந்து அவன் கால வெட்டி மேல தூக்குறதே என் பொழப்பு. இப்ப அஞ்சு மாசமா ஒரு காலக்கூட நான் தொடலய்யா. ‘மூணு’ன்னு சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடியே அமுக்கணும்னு அவளுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு, நீயா?

— அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்னப் போட்டு வறுத்தே?

— அந்தப் பேரு உன் வாயிலேருந்து வரணும்ல. நான் போட்ட சட்டத்த நானே மீறவா?

— நல்ல சட்டம் போட்ட! உனக்கு ஒரு பேத்தி இருக்கா. ரெண்டு வயசாகப் போவுது. அதுக்கு என்ன பேருன்னு ஒரு நாள் கேட்டிருப்பியா? கல்லு மனசுடி உனக்கு.

— ஏன் கேக்கணும்? ஹம்மாமுக்கு வர்றவளுக வாய மூடிக்கிட்டா குளிக்கிறாளுக? போ, போயி உம் மககிட்டச் சொல்லு. வெயில்ல வெறுந்தலையோட தூக்கிட்டு அலையவா என் பேர வச்சா? நாளைக்குக் குட்டி சாஸியாவ என்கிட்ட விட்டுட்டு, குழியில படுத்து ஒழுங்கா எடுக்கச் சொல்லு.