பலகை வரட்டும்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். விசாரிக்கிறவர்களுக்குப் பெரிய விஷயங்கள்தான் கண்ணில் படும். எனக்கு ஆசிரியர் வேலை, சின்ன ஆட்டம்கூட உறுத்தும்.

முதலில் எங்கள் பள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நுழைவுத் தேர்வு கிடையாது. பையன், பெண், படிக்கிறது, படிக்காதது, டாக்டர் வீட்டுப் பிள்ளை, மூட்டை தூக்குகிறவர் வீட்டுப் பிள்ளை, எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் அடைத்துவிடுவோம். 'அனைவரும் சமம்' என்று வாசல் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. அதன்மேல் மென்று துப்பிய சுயிங்கத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் உண்மையிலேயே சமம். ஒருவரும் பாடத்தைக் கவனிப்பதில்லை. சார் ஒன்னுக்கு, சார் தண்ணி, சார் தலைவலி. நான் புவியியல் ஆசிரியர். வரைபடத்தில் ஒரு நதியை மலையிலிருந்து கடலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதி வகுப்பு வராந்தாவில் இருக்கும்.

அதனால்தான் பலகையைச் செய்தேன். நானே அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, 'அனுமதி' என்று எழுதி, கதவருகே ஆணியில் மாட்டினேன். வெளியே போகிறவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவர் போகலாம். பலகை இல்லையா, யாரும் போக முடியாது. தலைமையாசிரியை மெச்சிப் போய் எல்லா வகுப்புக்கும் ஒன்று செய்யச் சொன்னார். கொஞ்ச காலம் பள்ளி பள்ளியாக இருந்தது.

அந்தப் பெண்ணைப் பிள்ளைகள் 'ரேடியோ' என்று கூப்பிடுவார்கள். பொருத்தமான பெயர், வாய் ஓயாது. என் பலகைக்கு 'கக்கூஸ் பாஸ்போர்ட்' என்று பெயர் வைத்தது அவள்தான். அந்தப் பெயர் பள்ளி முழுக்கப் பரவியது. ஆசிரியர் அறையில் விளையாட்டு ஆசிரியர் அதைச் சொல்லிச் சிரித்தார். அந்த மனிதர் எதற்கும் சிரிப்பார், அது பரவாயில்லை. தலைமையாசிரியையும் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும் சார், அடுத்த வாரத்துலேருந்து அதை எடுத்துரலாம். பசங்க கேலி பண்றாங்க, பெத்தவங்களும் கேக்குறாங்க" என்றார்.

எனக்கு வலித்தது. அதை நான் மறைக்கவில்லை. பலகை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இவர்களுக்கு ஒரு நாள் காட்ட வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் புரியாதவர்களுக்குச் செய்துதானே காட்ட வேண்டும்.

அன்று பிற்பகல், கடைசி வகுப்பு. மைதானத்தில் ஓடிவிட்டு வியர்வையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டடைக்குச்சி என்று பிள்ளைகள் கூப்பிடுகிறவன் பலகையை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். நெட்டையாக ஒரு பையன், பையை ஓரிடத்தில் வைத்துவிட்டு வேறிடத்தில் தேடுகிற ரகம். கொஞ்ச நேரம் கழித்து ரேடியோ எழுந்தாள். நர்ஸ் அறைக்குப் போக வேண்டும் என்றாள். அவளுடைய மூச்சு மருந்து அங்கேதான் இருக்கும். பிள்ளைகள் கையில் மருந்து தரக் கூடாது என்பது பள்ளியின் விதி, என்னுடையது அல்ல. இதற்கு முன்பும் மருந்து என்று சொல்லிப் போயிருக்கிறாள். போனவள் வராந்தாவில் நின்று அரட்டையடித்ததை நானே பார்த்திருக்கிறேன். புலி வருது, புலி வருது கதைதான்.

ஆணி காலியாக இருந்தது. "பலகை வரட்டும்" என்றேன்.

ஒட்டடைக்குச்சி எழுந்து நின்றான். "சார், அவளுக்கு மூச்சு விட முடியல சார். நான் ஓடிப் போய் எடுத்துட்டு வந்துர்றேன்."

"எதை எடுத்துக்கிட்டு ஓடுவ? கடைசியா பலகைய எடுத்தவன் நீதானே. தேடு."

தேடினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வகுப்பே தேடியது. பெஞ்சுகளை இழுத்தார்கள், அலமாரிக்குப் பின்னால் துழாவினார்கள், மூலையில் சுருட்டி வைத்திருந்த பழைய வரைபடங்களைப் பிரித்து உதறினார்கள். அதில் எத்தனை காலத்துத் தூசோ, அறை முழுக்கப் பரவியது. முதலில் அவளும் குனிந்து தேடினாள். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் அழுதார்கள், அழுதுகொண்டே தேடினார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது திறந்துகொண்டு ஓடியிருக்கலாம். ஒருவர்கூட ஓடவில்லை. பையன், பெண், கெட்டிக்காரன், மக்கு என்ற வித்தியாசமே இல்லாமல் ஒரே மனதாக ஒரு வேலையைச் செய்தார்கள். வாசல் சுவரில் எழுதியிருப்பதை என் வகுப்பில் நான் கண்டது அன்றுதான்.

மணி அடித்தது. மணி அடித்த பிறகு பலகை தேவையில்லை. ஒட்டடைக்குச்சி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். முன்னால் ஓடிய பெண்கள் சொல்லி நர்ஸ் அம்மா மருந்தோடு எதிரே வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தலைமையாசிரியையும் நீங்களும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள். பையன் பலகையை எங்கோ தொலைத்தான், ஆசிரியர் விதியைக் கொஞ்சம் கறாராகப் பார்த்தார், துரதிர்ஷ்டம். அவனும் தான்தான் தொலைத்தேன் என்று உங்களிடம் அழுதிருக்கிறான். அது தவறான விடை. தவறான விடைக்கு நான் சரி போட்டுப் பழகியதில்லை, அதனால்தான் நானாக வந்தேன். அவன் பலகையை ஆணியில் ஒழுங்காகத்தான் மாட்டினான். அவன் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். அவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது நான் அதை எடுத்து என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். அவர்கள் தேடி முடிக்கும்வரை என் முழங்கால் அந்த இழுப்பறையில்தான் இடித்துக்கொண்டிருந்தது. புலிக் கதை சொன்னேன் அல்லவா, அதையும் திருத்திக்கொள்கிறேன். உதடு நீலமாவதை யாராலும் நடிக்க முடியாது. அது எனக்கு அப்போதே தெரியும்.

நேற்று அந்தப் பையன் தன் அம்மாவோடு என் வீட்டுக்கு வந்தான். சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பள்ளிக்கூடம் என்றாலே நடுங்குகிறான் என்று அந்த அம்மா சொன்னார். "சார், நான் ஒழுங்கா மாட்டியிருந்தா அவ இருந்திருப்பா. என்னை மன்னிச்சிருங்க சார்" என்றான். அவனிடம் நான் எதையும் விளக்கவில்லை. மாணவனிடம் ஆசிரியர் விளக்கம் சொல்வது ஒழுங்குக்கு ஆகாது. உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், முதுகில் தட்டினேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதப் போகிறீர்கள், எழுதுங்கள். ஆனால் நான் அந்தப் பையனை மனதார மன்னித்து அனுப்பினேன், அதையும் சேர்த்து எழுதுங்கள்.